38 மணி நேரம், 11 இடங்கள், ஒரு முழங்கால் வலி

கேள்வி: எனக்கு 72 வயது, மனைவிக்கு 67. மெல்போர்னில் இருக்கும் மகள் வீட்டில் ஐந்து மாதம் தங்கப் போகிறோம். மாப்பிள்ளை டிக்கெட் போட்டுவிட்டார். திங்கள் இரவு 11.20-க்குத் திருச்சியில் ஏறி, செவ்வாய் காலை 6.10-க்குச் சிங்கப்பூரில் இறங்குகிறோம். அடுத்த விமானம் புதன் இரவு 8.15-க்கு. நடுவில் இருக்கும் 38 மணி நேரத்துக்கு மெர்லயன், யுனிவர்சல் ஸ்டூடியோஸ், செந்தோசா, நைட் சஃபாரி என்று 11 இடங்கள் கொண்ட அட்டவணையும் அனுப்பியிருக்கிறார். மனைவிக்கு முழங்கால் வலி, அரை கிலோமீட்டர் நடந்தாலே உட்கார வேண்டும். எனக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறேன். இரவில் தூக்க மாத்திரையும் உண்டு. சிங்கப்பூருக்கு விசா வேண்டுமா? எங்கே தங்குவது? அட்டவணை கொஞ்சம் மலைப்பாக இருக்கிறது, ஆனால் ஆசையாகச் செய்த பிள்ளையிடம் குறை சொல்ல மனம் வரவில்லை. கடைசியாக மனைவி கேட்கச் சொன்னது: வழிக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போகலாமா?

– திருச்சி மாவட்ட வாசகர்

பதில்: வணக்கம் ஐயா. மாப்பிள்ளையின் அட்டவணையை இரண்டு முறை படித்தேன். படம் எடுக்க நேரம் ஒதுக்கியிருக்கிறார், டாக்ஸிக்கு ஒதுக்கியிருக்கிறார். தூக்கத்துக்கும் கழிப்பறைக்கும் ஒதுக்கவில்லை. வயதானவர்களுக்காக இளையவர்கள் போடும் திட்டங்களில் இந்த இரண்டும்தான் எப்போதும் விட்டுப்போகும்.

ஆனால் முதலில் அவரைப் பாராட்டிவிடுகிறேன். நடுவில் இறங்கித் தங்கிப் போவது என்ற அவருடைய முடிவு மிகவும் சரி. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் நாலேகால் மணி நேரம், அங்கிருந்து மெல்போர்ன் ஏழரை மணி நேரம் போல. இரண்டையும் ஒட்டினாற்போலப் பறந்தால், விமான நிலையக் காத்திருப்பும் சேர்ந்து பதினெட்டு மணி நேரம் கால் தொங்கவிட்டபடியே போகும். கால் வீங்கும், வயதானவர்களுக்குக் காலில் ரத்தம் உறையும் ஆபத்தும் கூடும். நடுவில் ஒரு கட்டிலில் காலை நீட்டிப் படுப்பதற்குத்தான் இந்த 38 மணி நேரம். ஊர் பார்ப்பது அதற்கு அப்புறம்.

சரி, கட்டிலில் இருந்தே ஆரம்பிக்கிறேன். காலை 6.10-க்கு இறங்குகிறீர்கள் என்பது சிங்கப்பூர்க் கடிகாரம். அது நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. உங்கள் உடம்புக்கு அப்போது விடியற்காலை 3.40. விமானத்தில் இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்திருந்தால் அதிகம். குடிநுழைவு (இமிகிரேஷன்), பெட்டி எல்லாம் முடித்து டாக்ஸியில் ஹோட்டலுக்குப் போனால் மணி எட்டு இருக்கும். அங்கே வரவேற்பில் சிரித்த முகத்தோடு சொல்வார்கள்: “அறை மதியம் மூன்று மணிக்குத்தான் கிடைக்கும், பெட்டியை வைத்துவிட்டு ஊர் சுற்றி வாருங்கள்.” முப்பது வயதுக்காரருக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. தூங்காத கண்ணோடு, இன்சுலின் நேரமும் குழம்பிய நிலையில், வெயிலில் ஏழு மணி நேரம் எங்கே போய் உட்காருவீர்கள்? நான் பார்த்த வரையில், முதியவர்களின் இடைத்தங்கல் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த ஏழு மணி நேரத்தில்தான்.

அதனால் அறையைத் திங்கள் இரவிலிருந்தே பதிவு செய்யுங்கள். ஆமாம், நீங்கள் திருச்சியில் இருக்கும் இரவுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டும். வீண் செலவு போலத் தெரியும். இந்தப் பயணத்தில் இதைவிடப் பயனுள்ள செலவு கிடையாது. ஒன்று மட்டும் மறக்கக் கூடாது: “திங்கள் இரவுக்குப் பணம் கட்டியிருக்கிறோம், ஆனால் செவ்வாய் காலை எட்டு மணிக்குத்தான் வருவோம்” என்று ஹோட்டலுக்கு எழுதி, பதிலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் விட்டால், திங்கள் இரவு ஆள் வரவில்லை என்று முழுப் பதிவையும் ரத்து செய்துவிட வாய்ப்பு இருக்கிறது. “சீக்கிரம் வந்தால் அறை இருந்தால் தருவோம்” என்ற பதிலை நம்பிக் கிளம்பாதீர்கள். யுனிவர்சல் ஸ்டூடியோஸுக்கு இருவருக்கும் ஆகும் டிக்கெட் பணம் இருக்கிறதல்லவா, அதை இந்த அறையில் போடச் சொல்லுங்கள்.

எந்தப் பகுதி என்றால், லிட்டில் இந்தியா அல்லது அதற்கு அடுத்த ஃபேரர் பார்க். சைவ இட்லி, சாம்பார் வாசலிலேயே கிடைக்கும், தமிழில் பேசினால் பதில் வரும், கோவில் பக்கத்தில். தமிழ் அந்த நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று, பலகைகளிலும் பார்ப்பீர்கள். ஆனால் அந்த வட்டாரத்தில் அறை எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. அங்குள்ள மலிவு ஹோட்டல்களில் பல, கீழே கடை, மேலே வீடு என்றிருந்த பழைய கடைவீடுகளை மாற்றிக் கட்டியவை. வெளியிலிருந்து பார்க்க அழகாக இருக்கும். உள்ளே செங்குத்தான படிக்கட்டு, லிஃப்ட் இருக்காது, சில அறைகளுக்கு ஜன்னலே இருக்காது. பயண ஏற்பாட்டுத் தொழிலுக்கு வந்த புதிதில் வயதான தம்பதி ஒருவருக்கு அப்படி ஓர் இடத்தில் மூன்றாம் மாடி அறையைப் போட்டுக் கொடுத்துவிட்டேன். படத்தில் அறை பளிச்சென்று இருந்தது, படி தெரியவில்லை. அந்த அம்மா இரண்டு நாளும் ஒரு முறைக்கு மேல் கீழே இறங்கவில்லை. அன்றிலிருந்து லிஃப்ட் இருக்கிறதா, குளியலறையில் தொட்டியைத் தாண்டிக் காலை வைக்க வேண்டுமா, ஜன்னல் உண்டா என்ற மூன்றையும் கேட்காமல் யாருக்கும் அறை போடுவதில்லை. நீங்களும் எழுதிக் கேளுங்கள். குளியல் தொட்டி உள்ள அறை உங்கள் மனைவிக்கு வேண்டாம். தரையோடு தரையாக ஷவர் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

விசாவுக்கு வருகிறேன். இந்தியக் கடவுச்சீட்டுக்குச் சிங்கப்பூர் விசா தேவை என்பதுதான் பொது விதி. ஆனால் ஆஸ்திரேலியா, அமெரிக்கா, பிரிட்டன் போன்ற சில நாடுகளின் செல்லுபடியாகும் விசா வைத்துக்கொண்டு அவ்வழியே வேறு நாட்டுக்குப் போகும் இந்தியர்களுக்கு, 96 மணி நேரம் வரை விசா இல்லாமல் உள்ளே வந்து போகும் சலுகை இருக்கிறது. 96 மணி நேரத்துக்குள் கிளம்பும் உறுதியான டிக்கெட்டும் கையில் வேண்டும். உங்கள் 38 மணி நேரம் அதற்குள் தாராளமாக அடங்குகிறது. கடைசி முடிவு குடிநுழைவு முகப்பில் இருக்கும் அதிகாரியுடையது என்பதை மட்டும் மனதில் வையுங்கள். நிபந்தனைகளை அந்நாட்டுக் குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையத்தின் இணையதளத்தில் கிளம்பும் முன் ஒருமுறை மகளைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ‘அதிகாரி முடிவு’ என்ற சொல்லே மனதை உறுத்தினால், அங்கீகாரம் பெற்ற முகவர் மூலம் முறையான விசாவே எடுத்துவிடலாம், தவறில்லை.

ஆஸ்திரேலிய விசா இப்போது கடவுச்சீட்டில் ஒட்டப்படுவதில்லை, கணினியில்தான் இருக்கும். கேட்டால் காட்ட அனுமதிக் கடிதத்தை அச்சடித்து இரண்டு பேரும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் சலுகையைப் பற்றிய முதல் கேள்வி சிங்கப்பூரில் வராது, திருச்சி செக்-இன் முகப்பிலேயே வரும்.

இதோடு ‘எஸ்ஜி அரைவல் கார்டு’ என்ற வருகைப் படிவம். சிங்கப்பூர் போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இலவசம். அதே மாதிரித் தோற்றத்தில் பணம் கேட்கும் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும். பணம் கேட்டால் அது அரசுத் தளம் இல்லை.

இப்போது உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒரு விஷயம், பெட்டிகள். இருபத்து நாலு மணி நேரத்துக்கு மேல் ஓர் ஊரில் இறங்கித் தங்கினால், பெட்டியைப் பொதுவாகக் கடைசி ஊர் வரைக்கும் நேரே அனுப்ப மாட்டார்கள். சிங்கப்பூரில் உங்கள் கைக்கு வந்துவிடும். ஐந்து மாதத் துணி, பேரப்பிள்ளைகளுக்கு முறுக்கு, மகளுக்குப் பொடி வகை என்று நாலு பெரிய பெட்டியாவது இருக்கும் என்று ஊகிக்கிறேன். அவற்றை ஹோட்டலுக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டாம். சாங்கி விமான நிலையத்தில் பெட்டி பாதுகாப்பு முகப்புகள் இருக்கின்றன; ஒரு பெட்டிக்கு இத்தனை மணி நேரத்துக்கு இவ்வளவு என்று கட்டணம். இரண்டு நாள் துணியும் மருந்தும் ஒரு சின்னப் பையில் எடுத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அங்கேயே போட்டுவிடுங்கள். புதன்கிழமை எந்த முனையத்திலிருந்து கிளம்புகிறீர்களோ, முடிந்தால் அந்த முனையத்தில் போடுங்கள். நாலு பெட்டியோடு சாதாரண டாக்ஸியில் ஏறவும் முடியாது.

பெட்டி வெளியே வருகிறது என்றால் சிங்கப்பூர்ச் சுங்க விதி அதற்குப் பொருந்தும். மூன்று பொருள்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முதலாவது மருந்து. சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவு வரை கொண்டுவரலாம் என்பதே சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவிலும் கணக்கு. ஐந்து மாதத்துக்கு மொத்தமாக வாங்கிக் கட்டிவிடாதீர்கள். மீதி இரண்டு மாதத்துக்கு மெல்போர்னில் மருத்துவரைப் பார்த்துச் சீட்டு வாங்க மகளை இப்போதே ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். அதைவிட முக்கியம் உங்கள் தூக்க மாத்திரை. அல்பிரசோலம், டயாசிபாம், ஜோல்பிடம் போன்றவையும், கோடீன் கலந்த இருமல் மருந்துகளும் சிங்கப்பூரில் கட்டுப்படுத்தப்பட்டவை. அவற்றுக்கு முன் அனுமதி தேவைப்படலாம். மாத்திரை அட்டையில் இருக்கும் மருந்தின் பெயரையும் எத்தனை மாத்திரை என்பதையும் வைத்து, அந்நாட்டுச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் தளத்தில் பார்த்து, தேவையென்றால் விண்ணப்பித்துவிடுங்கள். பயணத்துக்கு மூன்று வாரம் முன்னாலேயே செய்ய வேண்டிய வேலை இது. எல்லா மருந்தும் கடை அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு இருக்கட்டும். டப்பாவில் கொட்டிக் கலந்து வைக்கிற நம் வழக்கம் இந்தப் பயணத்துக்கு ஆகாது.

இரண்டாவது கசகசா. மகளுக்குக் குருமாப் பொடியோடு கால் கிலோ கசகசாவும் போகும் என்று எனக்குத் தெரியும். சிங்கப்பூரில் அது போதைப்பொருள் சட்டத்தின் கீழ் தடை. வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மூன்றாவது, வெற்றிலை போடும் பழக்கம் இருந்தால், புகையிலை. மெல்லும் புகையிலைக்கும் அங்கே தடை.

இன்சுலினைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்கு அறைக்குப் போகும் பெட்டியில் உறைந்து வீணாகிவிடலாம். மருத்துவர் கடிதம் ஒன்று கூடவே இருக்கட்டும். அப்புறம், ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: இந்திய நேரம், சிங்கப்பூர் நேரம், மெல்போர்ன் நேரம். மெல்போர்ன் சிங்கப்பூரைவிட இரண்டு மணி நேரம் முன்னால், அவர்களுடைய கோடைக்காலத்தில் மூன்று. கிழக்கே போகப் போக நாள் சுருங்கும். எந்த ஊசி எந்த நேரத்தில், எத்தனை யூனிட் என்று உங்கள் மருத்துவரையே அந்தத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். இதை நானோ மாப்பிள்ளையோ கணக்குப் போடக் கூடாது.

இனி ஊர் பார்ப்பது. 11 இடங்களில் இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஒன்று செவ்வாய் மாலை, ஒன்று புதன் காலை.

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு அறைக்குப் போனதும் குளித்து, சாப்பிட்டு, திரையை இழுத்துவிட்டுப் படுங்கள். மதியம் ஒரு மணிக்கு எழுந்தால் போதும். ரொம்பவும் தூங்கிவிட்டால் இரவு தூக்கம் வராது, அலாரம் வையுங்கள். பூமத்தியரேகைக்கு ஒரே ஒரு பாகை வடக்கே இருக்கும் ஊர் அது. வருடம் முழுக்க வெயிலும் புழுக்கமும், பிற்பகலில் திடீரென்று கொட்டும் மழையும். நாலு மணி வரை வெளியே எந்த வேலையும் வேண்டாம்.

நாலரைக்கு டாக்ஸி எடுத்து ‘கார்டன்ஸ் பை த பே’. 2012-ல் திறந்த பூங்கா. அதில் ‘ஃபிளவர் டோம்’, ‘கிளவுட் ஃபாரஸ்ட்’ என்று இரண்டு பிரம்மாண்டமான கண்ணாடிக் கூடங்கள், இரண்டும் குளிரூட்டப்பட்டவை. இதை நான் தேர்ந்தெடுக்கக் காரணம் மழை, வெயில் இரண்டுமே உங்களைத் தொடாது என்பதுதான். கிளவுட் ஃபாரஸ்ட்டில் 35 மீட்டர் உயரத்துக்கு மலை ஒன்றைக் கட்டி, அதிலிருந்து அருவி விழ வைத்திருக்கிறார்கள். லிஃப்டில் உச்சிக்குப் போய்விட்டுச் சரிவான நடைபாதையில் மெல்ல இறங்கி வரலாம். முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் சோதனை என்பது உங்கள் மனைவிக்கே தெரிந்திருக்கும். வலித்தால் நடுவில் மறுபடி லிஃப்ட் பிடிக்கலாம். உள்ளே சில்லென்று இருக்கும், மெல்லிய சால்வை ஒன்று கையோடு இருக்கட்டும். பூங்காவுக்குள் ஓடும் சின்ன வண்டி உண்டு, வாசலிலிருந்து கூடம் வரை அதில் போங்கள். மாதத்தில் சில நாள் பராமரிப்புக்காக இந்தக் கூடங்களை மூடுவார்கள். டிக்கெட் எடுக்கும் முன் அந்தச் செவ்வாய் திறந்திருக்கிறதா என்று தளத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏழு மணிக்கு இருட்டும். 7.45-க்கு அங்கேயே, செயற்கை ராட்சத மரங்களில் ஒளியும் இசையுமாகக் கால் மணி நேரக் காட்சி, இலவசம். கூட்டம் தரையில் படுத்தபடி அண்ணாந்து பார்க்கும். உங்களுக்குத் தரை வேண்டாம், 7.15-க்கே போய் ஒரு பெஞ்சைப் பிடித்துவிடுங்கள். முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் டாக்ஸிக்கு ஓடுவார்கள். பத்து நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தால் போதும். ஒன்பதரைக்குள் அறை.

மாப்பிள்ளையின் அட்டவணையில் அதே இரவு நைட் சஃபாரி இருந்தது. நல்ல இடம்தான், குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஊரின் வடக்கே மண்டாயில் இருக்கிறது, இரவு ஏழேகாலுக்குத்தான் திறக்கும், டிராம் வண்டிக்கு வரிசை, திரும்பிவர நள்ளிரவு நெருங்கும். முந்தின இரவு விமானத்தில் கழித்தவர்களுக்கு, இருட்டில் அசையும் வண்டியில் உட்கார்ந்தால் சிங்கத்துக்கு முன்பே தூக்கம் வந்துவிடும். யுனிவர்சல் ஸ்டூடியோஸில் பாதி நேரம் வரிசை, மீதி நேரம் முதுகை உலுக்கும் ராட்டினம். மெர்லயன் சிலை 8.6 மீட்டர்தான், படத்தில் பார்த்ததைவிட நேரில் சின்னதாகத் தெரியும், போகும் வழியெல்லாம் நடை. அதன் முன் ஒரு படம் எடுத்தே ஆக வேண்டும் என்றால், கிளார்க் கீயில் கிளம்பும் ஆற்றுப் படகில் உட்கார்ந்தபடி நாற்பது நிமிடத்தில் மெர்லயன் உட்பட எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். படகில் கால் வைக்கும்போது அது ஆடும், கை பிடிக்க ஆள் வேண்டும். போவதானால் பூங்காவுக்குப் பதிலாகத்தான், கூடுதலாக வேண்டாம்.

புதன் காலை கோவில். சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோவிலுக்கு எட்டு மணிக்கே போய்விட்டால் வெயிலும் இருக்காது, கூட்டமும் இருக்காது. மதியம் நடை சாத்திவிடுவார்கள். சவுத் பிரிட்ஜ் சாலையில் இருக்கும் மாரியம்மன் கோவில் 1827-ல் தொடங்கியது, சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோவில்; அது சைனாடவுனில், டாக்ஸியில் போக வேண்டும். இரண்டில் ஒன்று. பிறகு நிதானமாகக் காலைச் சாப்பாடு. தெம்பு இருந்தால் கேம்பெல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் பத்து மணிக்குத் திறக்கும். குளிரூட்டப்பட்ட சின்ன அருங்காட்சியகம், நம் ஆட்கள் அங்கே வந்து வாழ்ந்த கதை. தெம்பு இல்லையென்றால் அறைக்குத் திரும்பிப் படுத்துவிடுங்கள், எந்த நஷ்டமும் இல்லை.

அறையை மதியம் பன்னிரண்டுக்குக் காலி செய்யச் சொல்வார்கள். இரண்டு மணி வரை இருக்க முடியுமா என்று முதல் நாளே கேட்டு வையுங்கள், கொஞ்சம் பணம் கேட்டாலும் கொடுங்கள். மூன்று மணிக்கு விமான நிலையம். இவ்வளவு சீக்கிரமா என்று மாப்பிள்ளை கேட்பார். பாதுகாப்பு முகப்பிலிருந்து பெட்டிகளை எடுக்க வேண்டும், முன்கூட்டியே செக்-இன் செய்ய முடிந்தால் போட்டுவிட வேண்டும். அதற்கப்புறம் முதல் முனையத்தை ஒட்டியிருக்கும் ‘ஜுவல்’. 2019-ல் திறந்த கண்ணாடிக் கட்டடம், நடுவே 40 மீட்டர் உயரத்திலிருந்து நீர் விழுகிறது. எதிரே உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம். இது குடிநுழைவுக்கு வெளியே இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். உள்ளே போய்விட்டால் திரும்பி வர முடியாது. அதனால் ஜுவல் முதலில், குடிநுழைவு பிறகு.

ரயில் மலிவு, சுத்தம், எல்லா நிலையத்திலும் லிஃப்ட் உண்டு. இருந்தும் வேண்டாம் என்கிறேன். நிலையத்துக்குள்ளேயே நடக்கும் தூரம் அதிகம், விமான நிலையத்திலிருந்து வரும்போது வண்டி மாறவும் வேண்டும், அங்குள்ள நகரும் படிகளின் வேகம் புதிதாக ஏறுபவர்களைத் தடுமாற வைக்கும். உங்கள் மனைவியிடம் இருக்கும் அரை கிலோமீட்டர் நடையைச் சுரங்கப்பாதையில் செலவழிப்பானேன்? விமான நிலையத்திலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு டாக்ஸி, காலை நெரிசல் கட்டணம் சேர்த்துப் பெரும்பாலும் 30 முதல் 40 வெள்ளிக்குள் வரும். அங்குள்ள தமிழர்கள் டாலரை வெள்ளி என்றுதான் சொல்வார்கள், குழம்ப வேண்டாம். நள்ளிரவிலிருந்து காலை ஆறு மணி வரை மீட்டருக்கு மேல் பாதி கூடுதல். உங்கள் விமானம் முன்கூட்டியே இறங்கினாலும் ஆறு மணி ஆகட்டும் என்று உட்கார்ந்துவிட்டு ஏறுங்கள்.

வீல்சேருக்கு இரண்டு விமானத்துக்கும் இப்போதே சொல்லிவைக்க வேண்டும், கிளம்ப 48 மணி நேரமாவது இருக்கையில். கேட்கும்போது ‘படி ஏற முடியும், தூரம் நடக்க முடியாது’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். அதற்கென்றே தனி வகை இருக்கிறது. “நடப்பேன், பரவாயில்லை” என்று உங்கள் மனைவி கூச்சப்படுவார். சாங்கியில் விமானம் வந்து நிற்கும் வாயிலிலிருந்து குடிநுழைவு வரை நடந்தால் சில சமயம் அவருடைய அரை கிலோமீட்டரும் அங்கேயே தீர்ந்துவிடும். பயணக் காப்பீட்டில் ஆஸ்திரேலியா மட்டுமல்ல, சிங்கப்பூரும் இருக்கிறதா, ஏற்கெனவே உள்ள சர்க்கரை நோய்க்குப் பொருந்துமா என்று பாருங்கள். அங்கே ஆம்புலன்ஸ் எண் 995.

மாப்பிள்ளை விஷயம். அட்டவணை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். வேலையை அவர் கையிலேயே கொடுங்கள். “அறையைத் திங்களிலிருந்து போட்டு ஹோட்டலுக்கு எழுதிவிடுங்கள் மாப்பிள்ளை, வீல்சேர் சொல்லிவிடுங்கள், பூங்கா டிக்கெட் எடுத்துவிடுங்கள், அந்த வருகைப் படிவத்தையும் நீங்களே நிரப்பிவிடுங்கள்” என்று கேளுங்கள். இவ்வளவையும் செய்து முடிக்கும்போது மீதி ஒன்பது இடம் தானாக உதிர்ந்துவிடும். உதிரவில்லையென்றால், மகளுக்கு ஒரு வார்த்தை போதும். திரும்பி வரும்போதும் ஆஸ்திரேலியாவிலிருந்து நேராக வந்தால் அதே 96 மணி நேரச் சலுகைக்கு வழி உண்டு, விட்டதை அப்போது பார்க்கலாம் என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை.

புளியோதரை. கட்டுங்கள். ஆனால் சில மலிவுக் கட்டண விமானங்களில் வெளிச் சாப்பாட்டை உள்ளே பிரிக்க விடமாட்டார்கள். அதோடு இன்சுலின் போடும் நீங்கள் இரவுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட முடியாது, விமானமோ 11.20-க்கு. ஆகவே பாதுகாப்புச் சோதனை முடிந்ததும் திருச்சி விமான நிலைய நாற்காலியிலேயே பொட்டலத்தைப் பிரித்து, இரண்டு பேரும் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். மகளுக்கென்று தனியாகப் புளிக்காய்ச்சல் பாட்டில் போகிறதென்றால் அது பெரிய பெட்டியில், கைப்பையில் அல்ல. மெல்போர்னில் இறங்கும்போது கொடுக்கும் அட்டையில் உணவுப் பொருள் இருக்கிறது என்று குறியிட்டுவிடுங்கள். காட்டினால் பார்த்துவிட்டு அனுப்புவார்கள், இல்லையேல் எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். மறைத்தால் அபராதம் மட்டுமல்ல, விசாவையே ரத்து செய்ய அவர்களுக்கு அதிகாரம் உண்டு. முறுக்குக்கும் இதேதான்.